யார் வழியாகத் தெரியும்?

மைதிலி என்ற பெயருக்கு நேரே பச்சைக் குறி இருந்தது. கோப்பும் இருக்க வேண்டிய இடத்திலேயே இருந்தது. ஆனால் அதை இயக்கினால் மட்டும் திரையில் ஒரு சிறு கட்டம் எழுந்து, 'குறிப்பிட்ட பாகம் கிடைக்கவில்லை' என்றது.

தாரணி மூன்றாவது முறையாக இயக்கினாள். மூன்றாவது முறையும் அதையே சொன்னது.

"கண்ணு முன்னால இருக்கறதக் கிடைக்கலீங்குதா?" பின்னால் நின்றிருந்த மைதிலி கேட்டாள். "அப்ப எங்க அத்தை மாதிரியேதான் இதும்."

சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் தாரணி திரையையே பார்த்தாள்.

சிங்காநல்லூரில் மில் தொழிலாளர்களுக்காக ஒரு காலத்தில் கட்டிய வரிசை வீடுகளில் அது ஒன்று. டிவி ஸ்டாண்டின் கீழ்த்தட்டில் கணினிப் பெட்டி. அதற்குப் பூப்போட்ட துணியில் உறை தைத்துப் போட்டிருந்தார்கள். 'அறிமுகம்' பொருத்திய எல்லா வீடுகளிலும் இப்படி ஒரு மேசைக் கணினி இருக்கும். சட்டம் அப்படி. ஒருவருடைய நினைவு அவருடைய வீட்டுச் சுவரைத் தாண்டி எந்த வலைக்கும் போகக் கூடாது. அதனால் பழுது என்றால் ஆள்தான் நேரில் வர வேண்டும். இயற்பியல் படித்துவிட்டு இந்த வேலைக்கு வந்த தாரணிக்குப் பிழைச் செய்திகளைப் பிடிக்கும். அவற்றின் பக்கத்தில் நிற்கும் மனிதர்களிடம் பேசுவதுதான் கஷ்டமாக இருந்தது.

காலையில் மேலதிகாரி ரங்கராஜ் போனில் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். "மூணு பேர் போயிட்டு வந்த வீடும்மா. நீ நாலாவது. ஒண்ணும் ஆவலீன்னா பாகத்த அழிச்சுட்டுப் புதுசா ஏத்திட்டு வந்துரு. ரொம்ப யோசிக்காத."

"மொதல்ல வந்தவரு போட்டோ சரியில்லீன்னாருங்க," என்றாள் மைதிலி. முப்பது வயது இருக்கும். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே பேசினாள். "வெயில்ல நிக்கவெச்சு நாப்பது போட்டோ எடுத்தாரு. ரெண்டாவது வந்தவரு என் குரல்தான் தப்புன்னு சொல்லி, ஒரு மணி நேரம் பேப்பர் படிக்க வெச்சாரு. மூணாவது வந்தவரு அழிச்சு அழிச்சு ஏத்துனாரு. நீங்க என்னங்க பண்ணப் போறீங்க?"

"தெரியலீங்க," என்றாள் தாரணி. அது உண்மை.

"பரவால்ல. மூணு பேரும் தெரியும்னுதான் சொன்னாங்க."

ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த சாந்தாமணி தலையைத் தூக்கினாள். ஐம்பத்தெட்டு வயது. கண்ணாடிச் சட்டத்தின் ஓரத்தில் கடுகளவு கேமரா. வலது காதுக்குப் பின்னால், முடிக்குள், மெல்லிய தழும்பு.

"சிஸ்டர், வந்த பொண்ணுக்குக் காப்பி குடுத்தீங்களா?"

"குடுக்கறேனுங்கம்மா," என்று மருமகள் சொன்னாள்.

*

இரண்டு வருடங்களுக்கு முன்பு வந்த மூளைக்காய்ச்சல் சாந்தாமணியிடமிருந்து மனிதர்களை எடுத்துக்கொண்டு போய்விட்டது. அவள் மில்லின் டைம் ஆபீஸில் முப்பது வருடம் வேலை பார்த்தவள். கேட்டில் உட்கார்ந்து, நானூறு பேரை முகம் பார்த்தே பதிவு போட்டவள். காய்ச்சலுக்குப் பிறகு முகம் தெரிந்தது, மூக்கு தெரிந்தது, 'இவர் நமக்குத் தெரிந்தவர்' என்பது மட்டும் எழவில்லை.

'அறிமுகம்' அதைத்தான் செய்தது. ஒவ்வொரு மனிதருக்கும் கணினியில் ஒரு பாகம். அதில் முகம், குரல், சேர்ந்து வாழ்ந்த காலத்தின் சில சம்பவங்கள். கண்ணாடி ஒரு முகத்தைப் பார்த்ததும், கணினி பதிவேட்டில் தேடி அவருக்குரிய பாகத்தை எழுப்பும். காதுக்குப் பின்னால் இருக்கும் சில்லு, மூளையில் ஒரு சிறிய தட்டுத் தட்டும். பெயரைச் சொல்லித் தராது. நினைவு உள்ளே அப்படியேதான் இருக்கிறது, அதற்குப் போகிற பாதை அறுந்துவிட்டது, அந்தப் பாதையைத்தான் நாங்கள் போட்டுத் தருகிறோம் என்று நிறுவனத்தின் கையேடு சொன்னது. பாதை இல்லாத மனிதர்கள் இருந்ததே நோயாளிக்குத் தெரியாது என்பதைக் கையேடு சின்ன எழுத்தில் சொன்னது.

"ஞாயித்துக்கெழமைக்குள்ள ஆயிருமுங்களா?" காப்பியை வைத்துவிட்டு மைதிலி மெதுவாகக் கேட்டாள்.

"ஏனுங்க, ஞாயித்துக்கெழமை?"

"ஓசூர்லருந்து நங்கையா வர்றாங்க. எங்கூட்டுக்காரரோட அக்கா, சுகன்யா. வருசாந்தர ஃபாரம் வந்துருக்குதுங்க. கூட இருக்கற ஆள நோயாளிக்குத் தெரியணும், இல்லீன்னா தெரிஞ்ச ஆளுககிட்டக் கூட்டிட்டுப் போயிரணும்னு அதுல போட்டுருக்குது." அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். "நங்கையாவக் குத்தம் சொல்ல முடியாதுங்க. அம்மாவத் தெரியாத ஆள்கிட்ட விட்டுட்டு யாருக்குத் தூக்கம் வரும்?"

"நீங்களும் கூடப் போயி..."

"என்னன்னு சொல்லிட்டுப் போறதுங்க? நர்ஸுன்னா?"

தாரணி காப்பியைக் குடித்தாள். சர்க்கரை அதிகமாக இருந்தது. அதைச் சொல்லவில்லை.

"எட்டு மாசமா சிஸ்டர்தான் நான்," என்றாள் மைதிலி. "அதுல ஒரு கூத்து கேளுங்க. மில்லுல இருந்தவங்களா, ஷிப்ட்டுன்னா ஷிப்ட்டு. சாயங்காலம் ஆறு மணியானா, 'நேரமாச்சு, கெளம்புங்க சிஸ்டர், வீட்ல தேடுவாங்க'ன்னு என்னை வெளிய அனுப்பிருவாங்க. நானும் பைய எடுத்துட்டு முன்வாசல்ல எறங்கி, விநாயகர் கோயில் வரைக்கும் நடந்துட்டு, பின்வாசல் வழியா வருவேன். வந்தா நான் ராத்திரி டூட்டி சிஸ்டர். 'வாங்க, புதுசா வந்துருக்கீங்களா?'ன்னு கேப்பாங்க. தினமும் கேப்பாங்க."

அவள் சிரித்தபடிதான் சொன்னாள்.

*

தாரணி முறையாகத் தொடங்கினாள். முழு அதிகாரத்துடன் கணினிக்குள் நுழைந்தாள். இந்தக் கணினியில் பழைய வகைப் பாகங்களுக்கு ஒரு பதிவேடு, புதிய வகைக்கு இன்னொன்று. சில சமயம் புதியதைக் கொண்டுபோய்ப் பழையதில் பதிந்துவிடுவார்கள். தேடுகிறவன் ஒரு வீட்டில் தேடுவான், ஆள் இன்னொரு வீட்டில் இருப்பான். அது இல்லை. கோப்பு சிதைந்திருக்கிறதா என்று பார்த்தாள். அதுவும் இல்லை. பதிவை நீக்கிவிட்டு மறுபடி பதிந்தாள். 'குறிப்பிட்ட பாகம் கிடைக்கவில்லை.'

கல்லூரியில் ஆய்வகப் பேராசிரியர் சொல்வார்: கருவி பொய் சொல்லாது, பாதிதான் சொல்லும். தாரணி அந்த வாசகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'குறிப்பிட்ட பாகம்.' மைதிலி கிடைக்கவில்லை என்று அது சொல்லவில்லையே. மைதிலி எதை நம்பி நிற்கிறாளோ அது கிடைக்கவில்லையென்றாலும் இதே கட்டம்தான் வரும்.

பாகத்தைப் பிரித்து, அது வேறு எதையெல்லாம் அழைக்கிறது என்று பார்த்தாள். ஒரே ஒரு வரி.

"பூபதிங்கறது யாருங்க?"

மைதிலி சட்டென்று உதட்டில் விரலை வைத்தாள். சாந்தாமணி கீரையிலிருந்து நிமிரவில்லை. மைதிலி கண்ணாலேயே கூப்பிட்டு, தாரணியை அடுப்படிக்கு அழைத்துக்கொண்டு போனாள். போகிற வழியில் கூடத்துச் சுவரில் ஒரு ஆணியும், அதைச் சுற்றி வெளிறாத சதுரமும் இருந்ததைத் தாரணி அப்போதுதான் கவனித்தாள்.

"எங்கூட்டுக்காரரு," என்றாள் மைதிலி. "போன வருசம் பைக்குல போகையில லாரி. அத்தைக்கு ஒரே பையன்."

தாரணி கூடத்துப் பக்கம் திரும்பி அந்த ஆணியை மறுபடி பார்த்தாள்.

"முப்பத்திமூணு நாளு அத்தை சாப்புடலீங்க. கேட்டையே பாத்துட்டு உக்காந்திருந்தாங்க. ஆஸ்பத்திரியில குளுக்கோஸ் ஏத்தி ஏத்திக் கொண்டாந்தோம். அப்பத்தான் டாக்டர் சொன்னாரு, அந்த ஒரு பாகத்த மட்டும் எடுத்துட்டா வலி இருக்காதுன்னு. நங்கையாவும் நானும் கையெழுத்துப் போட்டோம். போட்டோவக் கழட்டுனோம். அவரு துணியெல்லாம் மூட்டை கட்டுனோம்." அவள் அடுப்பைத் துடைத்தாள், அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. "அடுத்த நாள் காலைல அத்தை ரெண்டு இட்லி கேட்டாங்க. எனக்கு எவ்வளவு சந்தோசம்கறீங்க. தட்டுல வெச்சு ஓடியாந்தேன். வாங்கிட்டு நிமிந்து பாத்து, 'புதுசா வந்த சிஸ்டருங்களா?'ன்னாங்க."

*

மூல விண்ணப்பத்தின் நகல் கணினியிலேயே இருந்தது. தாரணி அதை மைதிலிக்குக் காட்டினாள்; சாந்தாமணிக்குக் கேட்காமல் இருவரும் மெல்லவே பேசினார்கள். பூபதியின் கையெழுத்து, சாய்வாக, அவசரமாக. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு கட்டம்: 'யார் வழியாகத் தெரியும்?'

சுகன்யா: நேரடி. சுகன்யாவின் கணவர்: சுகன்யா வழியாக. எதிர்வீட்டு ராஜாமணி: நேரடி. பால்காரர் துரைசாமி: நேரடி. மைதிலி: பூபதி வழியாக.

"பால்காரர் நேரடியா?" என்று மைதிலி சிரித்தாள். பிறகு அந்தச் சிரிப்பு முகத்திலேயே கொஞ்ச நேரம் எதுவும் செய்யத் தெரியாமல் நின்றது.

"வேணும்னு எழுதியிருக்க மாட்டாருங்க," என்றாள் தாரணி.

"அதெப்படி எழுதுவாரு. ரேஷன் கார்டு, ஓட்டர் லிஸ்ட்டு, ஆஸ்பத்திரி சீட்டு, எல்லாத்துலயும் இன்னார் சம்சாரம்னுதான போடறோம். கை பழகுனதுல எழுதிட்டாரு." விரலால் திரையில் அந்தச் சாய்ந்த எழுத்தைத் தொட்டாள். "பூ-வுக்கு இப்படித்தான் வாலு நீளமா இழுப்பாரு."

தாரணி நிலைமையைச் சொன்னாள். பூபதியின் பாகம் அழிக்கப்படவில்லை. ஒரு வருடம் காப்பில் இருக்கும். அதை எடுத்துப் பதிந்தால் மைதிலியும் உடனே வந்துவிடுவாள்.

"அவரும் வந்துருவாரு."

"ஆமாங்க. அவரு இல்லீங்கறதும் வந்துரும்."

மைதிலி ரொம்ப நேரம் யோசிக்கவில்லை. "வேண்டாங்க. ஒருக்கா அழுது முடிச்சவங்களப் புடிச்சு மறுபடியும் மொதல்லருந்து அழ வெக்கறதா? எனக்கு அத்தை வேணும்கறதுக்காகவா?"

"இன்னொரு வழி இருக்குது," என்றாள் தாரணி. அதைச் சொல்லும்போது அவளுடைய குரல் இன்னும் தாழ்ந்தது. "கட்டத்துல இருக்கறத மாத்தலாம். மருமகள்னா நேரடின்னு எடுத்துக்காது. சுகன்யா மாதிரியே நேரடின்னு போட்டு, மகள்னு பதிஞ்சுட்டா எடுத்துக்கும். எங்க ஆபீஸ்ல அனுமதிக்க மாட்டாங்க. ஆனா எடுத்துக்கும்."

"மகள்னே நெனப்பாங்களா?"

"நெனப்பாங்க. இல்லாததையெல்லாம் அவங்க மூளையே சேத்து வெச்சுக்கும். நீங்க பொறந்தது, பள்ளிக்கூடம் போனது..."

மைதிலியின் முகத்தில் ஒரு ஆசை வந்ததைத் தாரணி பார்த்தாள். வந்து, கொஞ்சம் இருந்து, போனது.

"அப்ப நான் அவருக்குத் தங்கச்சி ஆயிருவனேங்க," என்றாள் மைதிலி.

இருவரும் சிரித்துவிட்டார்கள். மைதிலிதான் முதலில் நிறுத்தினாள். மாடியில் காயப்போட்ட துணியை எடுக்க வேண்டும் என்று சொல்லிப் போனாள். படியேறும் சத்தம் பாதியில் நின்று, சிறிது நேரம் கழித்துத் தொடர்ந்தது.

*

"நீ பேசவே மாட்டியா கண்ணு?" சாந்தாமணி கேட்டாள். "வந்ததுலருந்து அந்தப் பெட்டியோடயே குடும்பம் நடத்தறே. இப்படி வந்து உக்காரு. கீரை உருவத் தெரியுமா?"

தாரணி எதிரில் உட்கார்ந்து ஒரு கொத்தை எடுத்தாள்.

"காம்பெல்லாம் சேந்து வருது பாரு. அப்படியில்ல, இப்படி. என்ன படிச்சே?"

"பிசிக்ஸுங்க."

"அதுல கீரை சொல்லித் தரலியாக்கும்."

தாரணி புன்னகைத்தாள். கேட்க நினைத்த கேள்வியை மனதுக்குள் மூன்று முறை சொல்லிப் பார்த்துவிட்டு, "அம்மா, ஒண்ணு கேக்கலாமுங்களா?" என்றாள். "இந்த சிஸ்டரப் பாத்தா உங்களுக்கு எப்படி இருக்குதுங்க?"

சாந்தாமணியின் கை நின்றது. அதுவரை யாரும் அவளிடம் கேட்காத கேள்வி அது என்று தாரணிக்கு அந்த நிற்றலிலேயே தெரிந்தது.

"நீ கேட்டதுனால சொல்றேன். அந்தப் பொண்ணு கிட்ட வந்தா, இங்க," நெஞ்சைத் தொட்டாள், "என்னமோ வருது. அடுப்புல வெச்ச பாலு பொங்கி வர்றாப்பல. இப்ப வந்துரும், இப்ப வந்துரும்னு இருக்கும். அப்பறம் யாரோ தண்ணி தெளிச்சாப்பல அப்படியே அடங்கிருது. பொங்கறதே இல்ல."

"தினமுங்களா?"

"தினமும். பகல் சிஸ்டர், ராத்திரி சிஸ்டர், ரெண்டு பேருகிட்டயும். வயசாயிட்டா இப்படித்தானோ என்னமோ."

தாரணி கீரையைக் கீழே வைத்தாள். தண்ணீர் தெளிப்பது யார் என்று அவளுக்குத் தெரியும்.

'அறிமுகம்' வந்த புதிதில் ஒரு சிக்கல் இருந்தது. நோயாளிகளுக்குக் காரணமே இல்லாமல் அந்நியர்கள் மேல் பாசம் பொங்கும். ஒரு அம்மாள் மின்சார மீட்டர் பார்க்க வந்தவரைத் தன் தம்பி என்று கட்டிப்பிடித்து, விருந்து போட்டு, பீரோ சாவியைக் கொடுத்துவிட்டாள். அதற்குப் பிறகு நிறுவனம் ஒரு தடுப்பைச் சேர்த்தது. பதிவேட்டில் இல்லாத முகத்தையோ, பாகம் எழாத முகத்தையோ பார்த்து 'தெரிந்தவர்' என்ற உணர்வு எழுந்தால், அது பிழை. சில்லு அதை உடனே அடக்கிவிடும். அடக்கியதைக் குறித்தும் வைக்கும். அந்தக் குறிப்பேட்டை யாரும் திறப்பதில்லை. பிழைகளின் குப்பைத்தொட்டி அது.

தாரணி போய் அதைத் திறந்தாள்.

எட்டு மாதத்துக்கு முன்னால் முதல் சில வாரங்கள் காலியாக இருந்தன. பிறகு ஒரு நாள் ஒரே ஒரு வரி. 'பதிவில்லாத முகம். உள்ளிருந்து அறிமுக உணர்வு. தடுக்கப்பட்டது.' நான்கு நாள் கழித்து இன்னொன்று. அடுத்த மாதம் தினமும் ஒன்று. பிறகு மூன்று, ஏழு, பதினைந்து. முகம் எல்லா வரியிலும் ஒன்றுதான். தலைவாரி விடும் நேரம். மாத்திரை கொடுக்கும் நேரம். எல்லாவற்றையும் விடப் பலமாக, தினமும் மாலை ஆறேகாலுக்கு, பின்வாசல் திறக்கும் நேரம். நேற்று மட்டும் நாற்பத்தொரு வரிகள்.

தடுக்கப்பட்டது. தடுக்கப்பட்டது. தடுக்கப்பட்டது.

பழைய பாதை பூபதியோடு போய்விட்டது. யாருடைய வழியாகவும் இல்லாமல், அந்த மூளை தானாகவே இன்னொரு பாதையைப் போட்டுக்கொண்டிருந்தது. இந்தக் கணினி தினமும் அதை அழித்துக்கொண்டிருந்தது. தாரணிக்குக் கண் கலங்கியது. அழுகிற இடம் இது இல்லை என்று நினைத்துக்கொண்டு ரங்கராஜுக்குப் போன் செய்தாள்.

"ஒரு முகத்துக்கு மட்டும் தடுப்ப எடுக்கலாமுங்களா சார்? விதியில இருக்குது."

"இருக்குதும்மா, யாரும் எடுத்ததில்ல. எதையாவது எடுத்துட்டு அந்தம்மா எவனையாவது தம்பின்னு சொன்னா நான்தான் பதில் சொல்லணும்."

"நோயாளி கையெழுத்து இருந்தா எடுக்கலாம்னு போட்டுருக்குதுங்க சார்."

"நோயாளி கையெழுத்தா? அவங்ககிட்ட யாரும்மா கேக்கறா? எப்பவும் வீட்டாளுக கையெழுத்துத்தான்."

"நான் கேக்கட்டுங்களா?"

தாரணி இத்தனை வார்த்தை பேசி அவர் கேட்டதில்லை.

"கேளும்மா," என்றார் கடைசியில்.

*

சாந்தாமணி முழுவதையும் கேட்டாள். ஆட்களை வேலைக்கு எடுக்கும்போது டைம் ஆபீஸில் இப்படித்தான் கேட்டிருப்பாள் போல, குறுக்கே பேசவில்லை.

"அப்ப தண்ணி தெளிக்கறது அந்தப் பெட்டிதானா."

"ஆமாங்க. அத நிறுத்தட்டுங்களா?"

"நிறுத்துனா பாலு பொங்கிருமா?"

"பொங்கலாமுங்க. பொங்காமயும் போகலாம். அவங்க உங்களுக்கு என்ன வேணும்னு நான் சொல்ல மாட்டேன், பெட்டியும் சொல்லாது. உங்களுக்கே என்ன தெரியுதோ அதுதான்." தாரணி தயங்கினாள். "வழிஞ்சு கொட்டுனாலும் கொட்டுமுங்க."

"வழிஞ்சாத் தொடச்சுக்கலாம் கண்ணு. பேனாவக் குடு."

கையெழுத்து அழுத்தமாக விழுந்தது. தாரணி ஒரு கட்டத்திலிருந்த குறியை எடுத்தாள். அவ்வளவுதான். நாலு பேர் வந்து பார்த்த பழுதுக்கு ஒரு சொடுக்கு.

மாடியிலிருந்து துணியோடு இறங்கி வந்த மைதிலி தாரணி சொன்னதைக் கேட்டு, கையிலிருந்த துணியைக் கீழே வைக்கக்கூட மறந்து சாந்தாமணியைப் பார்த்தாள். சாந்தாமணியும் பார்த்தாள். ஒரு நிமிடம் ஆனது. பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"மணி ஆறாச்சே," என்றாள் சாந்தாமணி. குரலில் ஏதோ தடுமாற்றம் இருந்தது. ஆனால் வார்த்தை பழையதுதான். "கெளம்புங்க சிஸ்டர். வீட்ல தேடுவாங்க."

மைதிலி துணியை மடித்து வைத்தாள். பையை எடுத்துக்கொண்டாள். வாசலில் செருப்பு போடும்போது தாரணியைப் பார்த்து, "பரவால்லீங்க, நீங்க பண்ண வேண்டியதப் பண்ணிட்டீங்க," என்றாள். அவளைத் தேற்றுவதைப் போலச் சொன்னாள்.

கேட் சாத்தும் சத்தம் கேட்டது. தாரணி கணினியின் முன்னால் உட்கார்ந்தாள். சாந்தாமணி கீரைக் காம்புகளைப் பொறுக்கி முறத்தில் போட்டாள். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். தாரணி தன் பையை மூடினாள், மறுபடி திறந்தாள்.

ஆறு பதினான்குக்குப் பின்வாசல் தாழ்ப்பாள் மெல்ல ஓசையிட்டது. மைதிலி அடுப்படி வழியாக வந்து கூடத்தின் நிலைப்படியில் நின்றாள். தினமும் நிற்கும் இடமாக இருக்க வேண்டும். உள்ளே வர அனுமதி கேட்கும் புது ஆளைப் போல நின்றாள்.

திரையில் ஒரு வரி விழுந்தது. 'பதிவில்லாத முகம். உள்ளிருந்து அறிமுக உணர்வு. அனுமதிக்கப்பட்டது.'

சாந்தாமணி முறத்தை மடியிலிருந்து இறக்கி வைத்தாள்.

"பகல் சிஸ்டரும் ராத்திரி சிஸ்டரும் ஒரே செருப்புத்தான் போடறாங்கன்னு நானும் பல நாளாப் பாத்துட்டுத்தான் இருக்கறேன்," என்றாள். "முப்பது வருசம் கேட்டுல உக்காந்தவ நான். முன்வாசல்ல போயிட்டு பின்வாசல்ல வந்தாத் தெரியாதா? வா அம்மிணி. எதுக்கு இந்த நட? காலு வலிக்கலியா உனக்கு?"

மைதிலி அப்படியே நின்றாள். எட்டு மாதமாக 'வாங்க, போங்க' என்று சொன்ன வாயிலிருந்து 'வா' வந்திருந்தது.

"வலிக்குதுங்க," என்றாள்.

"வலிக்கத்தான் செய்யும். உக்காரு."

அவள் தரையில், நாற்காலிக் காலடியில் உட்கார்ந்தாள். சாந்தாமணி அவளுடைய தலையில் கையை வைத்து, தள்ளி வைத்துப் பார்ப்பதைப் போல முகத்தை நிமிர்த்திப் பார்த்தாள். "யாருன்னு கேட்டாச் சொல்லத் தெரியல. ஆனா நம்ம புள்ளதான்னு தெரியுது," என்றாள் தாரணியிடம்.

தாரணி அறிக்கையை நிரப்பினாள். 'உடனிருப்பவரை நோயாளி அறிவாரா?' அறிவார். 'உறவு?' அதை வெறுமையாக விட்டாள். 'யார் வழியாகத் தெரியும்?' நேரடி. ஓசூரிலிருந்து யார் வந்து எந்தக் கேள்வி கேட்டாலும் அதற்கு இது போதும்.

"அந்தப் பையில ஒரு போட்டோ வெச்சிருக்கியே," என்றாள் சாந்தாமணி.

மைதிலி தலையைத் தூக்கினாள்.

"மாத்திரை எடுக்கையில பாத்தேன். உங்கூட்டுக்காரரா? அவரு இப்ப உசுரோட இல்லீல்ல?"

"இல்லீங்க."

"அதான். கோயிலாண்ட உக்காந்து தனியாப் பாத்துட்டு வருவியாக்கும்." சாந்தாமணி சுவரைக் காட்டினாள். "அந்த ஆணி சும்மாதான இருக்குது. அங்க கொண்டாந்து மாட்டு. நம்ம வீட்ல என்ன ஒளிவு?"

வெளிறாத அந்தச் சதுரத்தைத் தாரணியால் பார்க்க முடியவில்லை. மைதிலியின் கை பைக்குள் போய் வெகுநேரம் உள்ளேயே இருந்தது. பிறகு படத்தை எடுத்து மாமியாரின் கையில் கொடுத்தாள்.

சாந்தாமணி அதைக் கண்ணாடிக்கு அருகில் பிடித்தாள்.

திரையில் இன்னொரு வரி விழுந்தது. வேறு முகம். 'பதிவில்லாத முகம். உள்ளிருந்து அறிமுக உணர்வு. தடுக்கப்பட்டது.' அதன் கீழேயே இன்னொன்று. இன்னொன்று. படத்தை அவள் இறக்கவே இல்லை. வரிகள் நிற்காமல் விழுந்தன.

"பாரு," என்றாள் சாந்தாமணி, திரையைப் பார்க்காமலேயே. "மறுபடியும் தண்ணி தெளிக்கறாங்க."

அவள் தாரணி பக்கம் திரும்பினாள்.

"கண்ணு, இதையும் நிறுத்த முடியுமா?"

"முடியுமுங்க," என்றாள் தாரணி. "ஆனா இது ரொம்ப வழியுமுங்கம்மா."

சாந்தாமணி படத்தை மடியில் வைத்துக்கொண்டாள். மற்றொரு கையால் மைதிலியின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வழியட்டும். தொடைக்க ஆளு இருக்குதே."

தாரணி மவுசில் கையை வைத்தாள். சொடுக்கவில்லை. மைதிலி கண்ணைத் துடைத்துக்கொண்டு, மாமியாரை இன்னும் ஒட்டி உட்கார்ந்து, தலையை ஆட்டும் வரை காத்திருந்தாள்.